அளவு ஜாக்கெட்

"டீச்சர், மிஷின் செத்துப்போச்சு," என்றார் இன்னாசிமுத்து.

ஜுலைகா டீச்சர் எழுந்து வந்தார். இருண்டு கிடந்த கணினித் திரையை அவர் பார்க்கவேயில்லை. கீபோர்டின் இடது ஓரத்தில், சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் விசை ஒன்று உண்டு. அதை ஒருமுறை தட்டினார்.

கீபோர்டின் மூலையில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

மறுபடி தட்டினார். அணைந்தது.

வந்த வழியே தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இன்னாசிமுத்து அந்த விசையைப் பார்த்தார். போகிற டீச்சரின் முதுகைப் பார்த்தார். திரையில் படம் வரவில்லை என்று முறையிட்டால், ஒரு பொட்டு விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போகிறாரே என்று அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் குரு என்று ஒருவரை ஏற்றுக்கொண்டபிறகு கோபப்பட்டு என்ன செய்ய. விழுங்கிக்கொண்டார்.

*

ஊருக்கு வெளியே வட்டப்பாறை என்று ஒரு மொட்டைக் குன்று. அதன் உச்சியில் ஓர் அறக்கட்டளை கட்டிய சின்னக் கோளரங்கம். வெளியே நின்று பார்த்தால் கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் ஆகாயம்.

அந்த ஆகாயத்தை ஓட்டும் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஜுலைகா. உலகத்தில் எங்கெங்கோ ஓடுகிற கணினிகளின் அடிவயிற்றில் அவர் திருத்திய வரிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அவரிடமே கேட்டால் "ஆமா" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. வேலைக்கு எழுந்திருப்பார், ஆளுக்கு எழுந்திருக்க மாட்டார். அறக்கட்டளைத் தலைவர் மாலையும் கழுத்துமாக உள்ளே வந்தபோதும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார். திமிர் என்றார்கள் சிலர். அவர் அதற்கும் "ஆமா" என்றிருப்பார்.

இன்னாசிமுத்துவுக்கு அவருடைய அப்பா வயது. சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். கொட்டகையை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டியதும், நேராகப் பாறை ஏறி வந்து, வானம் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

எதுக்கு என்று கேட்டார் ஜுலைகா.

"என் சம்சாரம் நட்சத்திரம் பாத்ததில்ல," என்றார்.

அன்றே சேர்த்துக்கொண்டார்.

*

இன்னாசிமுத்துவின் மனைவி மரியபுஷ்பத்துக்குச் சிறு வயதிலிருந்தே மாலைக்கண். விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்கு உலகம் மூடிவிடும். பகலில் தெரிகிற வட்டமும் வருடா வருடம் சுருங்கி, இப்போது அரிசி புடைக்கிற ஒரு சொளகு அகலத்துக்கு வந்து நிற்கிறது. இதற்கு மருந்து இல்லை, பார்க்க ஆசைப்பட்டதை எல்லாம் சீக்கிரம் பார்த்துவிடுங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

மரியபுஷ்பத்துக்குப் பெரிய ஆசைகள் ஒன்றும் இல்லை. ராத்திரி வானத்தில் புள்ளி புள்ளியாக எரியும் என்பதே கவிஞர்கள் கட்டிவிட்ட கதை என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறதோ என்றும் கேட்பார்.

ஆசை இன்னாசிமுத்துவுக்குத்தான். ஊருக்கெல்லாம் படம் காட்டியவன் வீட்டில் இருப்பவளுக்கு ஒரு நட்சத்திரத்தைக் காட்டவில்லையே என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஒருமுறை கூட்டி வந்தார். மரியபுஷ்பம் அண்ணாந்து வெகுநேரம் இருந்துவிட்டு, நல்லாருக்கு என்றார். இறங்குகிற வழியில்தான் தெரிந்தது. பழைய ப்ரொஜெக்டரின் மங்கல் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு ஒன்றுமே அகப்படவில்லை. புருஷன் முகம் வாடக் கூடாதே என்று நல்லாருக்கு என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு இன்னாசிமுத்து பாறைச் சரிவிலேயே உட்கார்ந்து அழுதார்.

பிறகு புது ப்ரொஜெக்டர்கள் வந்தன. நல்ல பளீர் வெளிச்சம். எடுத்த எடுப்பில் கண்ணைக் கூச வைக்கும். அவற்றைக் கணினியில் இருந்த பழைய கெர்னலுக்கு அடையாளம் தெரியவில்லை. புதிய கெர்னலுக்குத் தெரியும் என்றார்கள். இன்னாசிமுத்து மாற்றினார். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மரியபுஷ்பத்தை மேலே அழைத்து வருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

மாற்றிய அன்று இருண்ட திரைதான், இன்னும் விடியவில்லை.

*

கணினி தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை.

கெர்னல் என்பது இயந்திரத்துக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நடத்துகிற ஆள். கண்ணில் பட மாட்டார். திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு இன்னோர் ஆள். இருவருக்கும் பாஷை வேறு. நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி வேண்டும். அவர்தான் டிரைவர். கெர்னல் மாறினால் பழைய துபாஷி புதியவரிடம் வாய் திறக்க மாட்டார். புதியவருக்கென்றே ஒருவரை உருவாக்கியாக வேண்டும்.

கோளரங்கத்தில் இன்னொன்றும் உண்டு. எந்த விண்மீன் இந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று ஓயாமல் கணக்குப் போடுவது ஒரு புரோகிராம். அந்தக் கணக்கை வாங்கி மேலே வரைவது வேறொரு புரோகிராம். முன்னதற்குப் படம் தேவையில்லை. பின்னதற்குப் படம்தான் உயிர்.

இவ்வளவு போதும்.

இயந்திரத்தில் இரண்டு கெர்னலும் இருந்தன. எது வேண்டும் என்று தொடங்கும்போதே கேட்கும். பழையதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் படம் வந்தது, ஆனால் புது ப்ரொஜெக்டர்கள் எரியவில்லை. புதியதைத் தேர்ந்தெடுத்தால் ப்ரொஜெக்டர்கள் விழித்துக்கொண்டு உறுமின, ஆனால் காட்டப் படம் இல்லை. திரையும் இருட்டு, கூரையும் இருட்டு.

ஆகவே இன்னாசிமுத்து பழைய கெர்னலுக்குப் போவார். படம் தெரியும். அங்கே சௌகரியமாக உட்கார்ந்து டிரைவரைப் போடுவார். வெற்றி என்று திரையில் எழுத்து வரும். மகிழ்ச்சியாகப் புதிய கெர்னலுக்குப் போவார். இருட்டு.

திரும்பப் பழையதற்கு வருவார். போட்ட டிரைவரைத் துடைத்து எறிந்துவிட்டு, வேறு பதிப்பைப் போடுவார். வெற்றி. புதியதற்குப் போவார். இருட்டு.

கார்டைக் கழற்றி அதன் பல்லை ரப்பரால் தேய்த்தார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றினார். ஒரே கிணற்றில் ஓட்டை வாளியை மாற்றி மாற்றி இறக்குகிறவரைப் போல அவர் பாடு ஆகிவிட்டது.

வாசலில் பராமரிப்பு வேலை என்று பலகை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

*

மறுபடி குருவிடம் போனார்.

"வெற்றின்னு போடுது டீச்சர். பொறவு எதுக்கு இருட்டு?"

"எங்க இருந்துகிட்டுப் போட்டிய?"

"பழசுல இருந்துதான். அங்கதான வெளிச்சம் இருக்கு. இருட்டுக்குள்ள எவன் வேலை பாப்பான்?"

ஜுலைகா தலையை ஆட்டினார். பெரிய உண்மை ஒன்றைக் கேட்டவர் போல நிதானமாக ஆட்டினார். பிறகு, அக்கா கிறிஸ்துமஸுக்கு என்ன துணி எடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தார்.

இன்னாசிமுத்துவுக்கு வந்த ஆத்திரத்தில் பாறைப் படிகளை எப்படி இறங்கினார் என்றே தெரியவில்லை. சிஷ்யன் தவிக்கிற தவிப்பென்ன, குரு கேட்கிற கேள்வியென்ன.

*

வீட்டில் சோறு போட்டார் மரியபுஷ்பம். இன்னாசிமுத்து ஒரு வாய் வைத்ததும் குழம்பில் உப்பில்லை என்று பாய்ந்தார். மரியபுஷ்பம் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவருக்குத் தனியாக ஒரு வழக்கு இருந்தது.

கிறிஸ்துமஸ் ஜாக்கெட் தைத்து வந்துவிட்டது. கை நுழையவில்லை.

தையற்காரரைத் திட்டினாயா என்று இன்னாசிமுத்து கேட்டிருக்கலாம். அவர் தானே முந்திக்கொண்டு அந்தத் தையற்காரரைத் திட்டினார். எதையாவது திட்ட வேண்டும் போல இருந்தது.

"அவனைச் சொல்லிக் குத்தமில்ல," என்றார் மரியபுஷ்பம். "கடை ஒரே இருட்டாக் கெடக்கும். உள்ள போனா எனக்கு ஒன்னுந் தெரியாது. அதான் போகாம, பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் குடுத்துவிட்டேன். அவன் அந்த அளவுக்கு அச்சு மாறாம தச்சிருக்கான். மாத்திரை தின்னு ஊதிப்போனவ நானு. இருட்டோ வெளிச்சமோ, நான்லா போயி நின்னிருக்கணும்."

இன்னாசிமுத்துவின் கை தட்டிலேயே நின்றது.

"என்ன, உப்பு கேட்டியளே, வேண்டாமா?"

அவருக்கு உப்பு மறந்துபோயிருந்தது. சோறும் மறந்துபோயிருந்தது. கையைக் கழுவினாரா என்பதுகூடச் சந்தேகம். செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் பாறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.

*

"டீச்சர், நான் பழைய ஜாக்கெட்டையே அளவுக்குக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் வெயில் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஜுலைகா தன் ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

இன்னாசிமுத்து மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொண்டே போனார். டிரைவரைப் போடும்போது, அந்த நேரத்தில் எந்தக் கெர்னல் ஓடுகிறதோ அதைத்தான் அது அளவெடுக்கிறது. பழையதில் உட்கார்ந்து போட்டால் பழையதற்கே தைக்கிறது. வெற்றி என்று சொன்னது பொய்யில்லை. பழையவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. புதியவர் ஒருநாளும் போய் நிற்கவில்லை.

ஜுலைகா மறுக்கவில்லை. அதுவே பெரிய சர்டிபிகேட்.

ஆனால் டீ பாதியில் இருக்கும்போதே இன்னாசிமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. புதிய கெர்னலில் போய் நிற்பதென்றால் இருட்டில் நிற்க வேண்டும். என்ன அடிக்கிறோம் என்று தெரியாது. அது என்ன பதில் சொல்கிறது என்றும் தெரியாது. ஆயுசு முழுக்கத் திரையைப் பார்த்தே வேலை செய்தவர் அவர். படம் மங்கினால் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியை நகர்த்துவார், ஆடினால் பிடிப்பை இறுக்குவார். கண்தான் அவருடைய கை.

"டீச்சர், ஒங்க லேப்டாப்புல இருந்தே அதுக்குள்ள போயிரலாம்லா?"

"போலாம்."

"அப்ப நீங்களே போட்டுருங்களேன்."

ஜுலைகா எழுந்து அவரை அரங்கத்துக் கணினிக்குக் கூட்டிப் போனார். இயந்திரம் அப்போது பழைய கெர்னலில் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் வெளிச்சம் இருந்தது. இன்னாசிமுத்துவின் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போர்த்தினார்.

"அடிங்க."

"என்னத்த?"

"அக்கா பேர."

இன்னாசிமுத்து துண்டைப் பார்த்தபடி ஒவ்வொரு விசையாகத் தடவித் தட்டினார்.

ஜுலைகா துண்டை விலக்கினார்.

மரியபுஷ்பம் என்ற பெயர், ஓர் எழுத்து பிசகாமல், திரையில் இருந்தது.

இன்னாசிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடித்த பெயர்தான். அடித்தால் வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் பாக்காதப்பவும் வந்துகிட்டுத்தான் இருந்திருக்கு டீச்சர்."

ஜுலைகா துண்டை மறுபடி போர்த்தினார்.

அந்த வாரம் முழுக்க அந்தத் துண்டு இறங்கவில்லை. ஜுலைகா தேவையான கட்டளை வரிகளைச் சொல்லிக்கொடுத்தார், இன்னாசிமுத்து ஜெபம் போல மனப்பாடம் செய்தார். கூடவே டீச்சர் ஒரு யோசனையும் கொடுத்தார். படம் இல்லாவிட்டாலும் அரங்கத்து ஒலிபெருக்கி வேலை செய்யும். காட்சி தொடங்குமுன் அடிக்கிற மணி இயந்திரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதை அடிக்கச் சொல்லிவிட வேண்டும். காரியம் ஆனால் ஒரு மணி, ஆகாவிட்டால் இரண்டு மணி.

"ஒன்னுமே அடிக்கலேன்னா?"

"வெரல் பிசகிருக்கும்."

*

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, உச்சிவெயில் சாய்ந்த நேரத்தில் மரியபுஷ்பம் பாறை ஏறினார். ஒரு கை புருஷன் தோளில். புது ஜாக்கெட் போட்டிருந்தார். தையற்காரர் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். இந்த முறை அந்த இருட்டுக் கடைக்குள் தானே போய் நின்று அளவு கொடுத்துவிட்டு வந்ததை வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு ஸ்டூலில் இடித்துக்கொண்டாராம். அது பெரிதில்லையாம்.

அரங்கத்தின் நடுவில் சுழலும் சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்தார் இன்னாசிமுத்து. ஜுலைகா கதவைச் சாத்தி, உள்வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். விளக்கு அணைந்தது.

இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு.

"என்ன, வெளக்க அணைச்சாச்சா?" என்றார் மரியபுஷ்பம். அவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பனம்பழக் கலர்ச் சேலையை முழங்காலில் நீவிவிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

நிம்மதி இல்லாதவர் இன்னாசிமுத்துதான். இயந்திரத்தைத் தொடங்கிப் புதிய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார். திரை ஒருமுறை மினுங்கிக் கறுத்தது. ப்ரொஜெக்டர்கள் விழித்து உறுமின. பிறகு எங்கும் ஒன்றும் இல்லை. கீபோர்டைத் தொட்டார், அதுவும் இருட்டில் எங்கோ இருந்தது. வரிகளெல்லாம் நெஞ்சிலிருந்து பறந்துவிட்டன. ஆயுசில் முதல்முறையாகத் திரை இல்லாத ஆபரேட்டராக நின்றார். பயந்தார்.

அப்போதுதான் அந்த விசை ஞாபகம் வந்தது. இடது ஓரத்தில் தடவிப் பிடித்துத் தட்டினார்.

கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது.

தட்டினார். அணைந்தது. தட்டினார். எரிந்தது.

அந்த விளக்கை எரியவிட்டது கீபோர்டு அல்ல என்று இப்போது அவருக்குத் தெரியும். விரல் பட்ட சேதி உள்ளே போகிறது. உள்ளே ஒருவர் அதை வாங்கிக்கொண்டு, எரி என்று சொல்லி அனுப்புகிறார். முதல் நாளிலிருந்தே அவர் உள்ளே இருந்திருக்கிறார். செத்துப்போச்சு என்று தான் ஊரைக் கூட்டியபோதும், அவர் விழித்துக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்டிருக்கிறார்.

இன்னாசிமுத்து கோயிலில் கும்பிடுவது போல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். விசையைத் தட்டிப் பச்சையை அணைத்தார். வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அடித்தார். காத்திருந்தார். மணி இல்லை.

விரல் பிசகிருக்கும். பதறவில்லை. மறுபடி அடித்தார்.

இரண்டு மணி அடித்தது.

"ரெண்டு அடிச்சா நல்லதா?" என்று கேட்டார் மரியபுஷ்பம்.

இல்லை என்றார். ஏன் ஆகவில்லை என்பது அந்தக் கறுத்த திரையில் எழுதியிருக்கும். படிக்க முடியாது. உள்வாசல் பக்கம் திரும்பினார். டீச்சர் அங்கே இருக்கிறாரா என்றே சந்தேகம் வரும்படி அத்தனை அமைதி.

யோசித்தார். புதியவர் வந்து தையற்காரர் முன்னால் நின்றாயிற்று. நின்றால் மட்டும் போதுமா, டேப் வேண்டாமா. ஒவ்வொரு கெர்னலுக்கும் அதன் அளவுகளைச் சொல்லும் பொட்டலம் ஒன்று தனியாக உண்டு, ஹெடர் என்பார்கள். பழையதற்கு அது கூடவே இருந்தது. புதியதற்கு அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கவில்லை.

கேட்டு வாங்கும் வரி தெரியும். அடித்தார்.

நேரம் போயிற்று. ஒரு மணி அடித்தது.

பிறகு டிரைவரைக் கட்டும் வரியை மறுபடி அடித்தார். உள்ளே மின்விசிறி மெல்லச் சத்தம் கூட்டியது. இன்னாசிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். மூடாவிட்டாலும் ஒன்றுதான், ஆனாலும் மூடிக்கொண்டார். கொட்டகையில் ரீல் ஓடும்போது சுருள் எங்காவது தளர்ந்தால் திரையில் தெரியுமுன் அவர் காதுக்குத் தெரியும். அந்தக் காது இத்தனை நாளும் எங்கே போயிருந்ததோ. இப்போது வந்து உட்கார்ந்துகொண்டது. விசிறியின் சத்தம் ஏறியது, நின்று உழைத்தது, இறங்கியது. உள்ளே வேலை நடக்கிற விதமே அவருக்குத் தெரிவது போல இருந்தது. அளவெடுக்கிறார்கள், வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள்.

விசிறி தணிந்தது.

ஒரு மணி.

அவர் காத்திருந்தார். இரண்டாவது மணி வரவில்லை.

கடைசி வரி ஒன்று பாக்கி. டிரைவரை எழுப்பி, வரைகிற புரோகிராமைத் தொடங்குவது. அதையும் அடித்தார்.

*

வழக்கமாக முதலில் அறக்கட்டளையின் சின்னம் வரும், பிறகு மாலை வானம் சிவக்கும், பிறகு ஒவ்வொன்றாக விண்மீன்கள் எட்டிப்பார்க்கும். கூட்டத்துக்காகச் செய்துவைத்த ஏற்பாடு அது. இன்னாசிமுத்து அதைத்தான் எதிர்பார்த்தார்.

அது எதுவும் வரவில்லை. வானம் ஒரேயடியாக வந்து நின்றது.

கூரை போய்விட்டது. கறுப்புக்குள் ஆயிரம் ஆயிரமாக எரிந்தன. உச்சிக்குச் சற்று மேற்கே திருவோணம் இருபுறமும் துணையோடு நின்றது. மேற்கே சாய்ந்து ஒரு வெள்ளைத் தட்டு, சூரியன். அதற்குக் கீழே கேட்டை செக்கச்செவேலென்று எரிந்தது. சூரியனும் நட்சத்திரமும் ஒரே வானத்தில், பக்கத்தில் பக்கத்தில்.

இன்னாசிமுத்து கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

"டீச்சர், இது எந்த ராத்திரி?"

"ராத்திரி இல்ல அண்ணாச்சி," என்றது உள்வாசலில் இருந்து குரல். "இப்ப வெளியவும் இதுதான் இருக்கு."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. கணக்குப் போடுகிற புரோகிராம் இயந்திரம் எழும்போதெல்லாம் தானே தொடங்கிவிடுவது, அதை யாரும் நிறுத்தவில்லை. திரை இருண்டு கிடந்தபோதும், தான் தையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோதும், அது இந்த இருட்டுக்குள் இருந்து ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு விண்மீனையும் அதன் இடத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வரையச் சொன்ன கணத்தில், இருந்த வானத்தை இருந்தபடி நீட்டிவிட்டது. வெளியே பட்டப்பகல். பாறை சுட்டுக்கொண்டிருக்கும். அந்த வெயிலுக்குப் பின்னால் இத்தனையும் நின்றுகொண்டிருக்கிறது.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

மரியபுஷ்பம் அசையாமல் அண்ணாந்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் தெரிந்தது.

இந்த முறை நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

அவருக்குத் தெரிவது ஒரு சொளகு அகலம்தான். ஆகவே ஒரு சொளகு வானத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் கொஞ்சம் திருப்பி அடுத்ததைப் பார்த்தார். அங்கேயும் இருந்தது. இன்னும் திருப்பினார். அங்கேயும் இருந்தது. நாற்காலியோடு சுற்றிச் சுற்றி, தீர்ந்துபோகும் இடத்தைத் தேடுகிறவர் போலப் போய்க்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் தீரவில்லை.

கையை மேலே நீட்டினார். இறக்கிக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

இன்னாசிமுத்து பக்கத்தில் போய் முட்டிபோட்டு உட்கார்ந்தார். தெரியுதா என்று கேட்க வாயெடுத்தார், கேட்கத் தேவையிருக்கவில்லை.

"இது தெனமும் இருக்குமா?" என்று மரியபுஷ்பம் கேட்டார். மெல்லிய குரலில், கோயிலில் பேசுவது போலக் கேட்டார்.

"தெனமும் இருக்கும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

மரியபுஷ்பம் நாற்காலியோடு இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இம்புட்டையும் தலைக்கு மேல வச்சுக்கிட்டா, கொழம்புல உப்பு இல்லேன்னு எங்கூடச் சண்ட போட்டிய?"

அரங்கத்தில் இனிச் செய்ய வேலை ஒன்றும் பாக்கியில்லை.

ஆனாலும் உள்வாசல் படியிலிருந்து ஜுலைகா டீச்சர் எழுந்து நின்றார்.